ஒகோனி மண்ணும் எண்ணெய்க் கணக்கும்

பெட்ரோலா, அணுசக்தியா, சூரிய ஒளியா என்று வாதம் செய்கிறவர்கள் நைஜீரியாவின் ஒகோனி மக்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் மீன் பிடித்தும் பயிர் செய்தும் வாழ்ந்தவர்கள். 1958-ல் அங்கே ஷெல் நிறுவனம் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தது. குழாய்கள் கசிந்து வயலும் ஓடையும் பாழாயின.

வருமானக் கணக்கு அதைவிடக் கொடுமை! 1960-ல் விடுதலை கிடைத்தபோது, கனிம உரிமைத்தொகையில் 50 சதவிகிதம் அது கிடைத்த பிராந்தியத்துக்கே என்றது அரசியல் சட்டம். பின்னால் வந்த அரசுகள் அதை வெட்டிக்கொண்டே போயின. 1992-ல் மிஞ்சியது 3 சதவிகிதம்.

1993 ஜனவரி 4-ல் சுமார் 3 லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். ஒகோனிகள் மொத்தமே 5 லட்சம்தான், யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டே ஷெல் அங்கிருந்து வெளியேறியது.

இராணுவ அரசு விடவில்லை. நான்கு ஒகோனித் தலைவர்களின் கொலைக்குக் காரணம் என்று சொல்லி, எழுத்தாளர் கென் சாரோ-விவா உட்பட 9 பேரைத் தனி நீதிமன்றத்தில் நிறுத்தியது. மேல்முறையீடு கிடையாது. 1995 நவம்பர் 10-ல் தூக்கு. காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. எண்ணெய்க்கு மட்டும் தடை வரவில்லை!

2009-ல் ஷெல், தவறை ஒப்புக்கொள்ளாமலே 1.55 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. 2025 ஜூனில் நைஜீரிய அதிபர் அந்த 9 பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு வேண்டாம், குற்றமற்றவர்கள் என்று அறிவியுங்கள் என்கிறார்கள் ஒகோனிகள்.