சிறு முத்திரையும் கைவண்ண வாழ்த்தட்டையும்

முத்திரை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அலுவலகமே. மேசை ஓரத்தில் தொங்கும் ரப்பர் முத்திரைகள், அவற்றில் ஒன்றை எடுத்து மையில் தோய்த்து ஓங்கிக் குத்தும் எழுத்தர், அந்த ஓசைக்காகக் காத்து நிற்கும் நாம். மலேசியத் தமிழர் பேச்சில் இதற்குச் 'சாப்' என்று பெயர். மலாய்ச் சொல் என்றே நாம் கருதும் இது, இந்தி மொழியிலிருந்து மலாய்க்குச் சென்றதாகும். இந்த முத்திரை அச்சம் தரும் கருவியாக நம் மக்களிடம் வந்ததும், பின்னர் விரல்நக அளவில் சிறுத்து அவர்கள் பிள்ளைகளின் கையில் அன்பைச் சொல்லும் கருவியாக மாறியதும் எழுதப்பட வேண்டிய ஒரு சிறு வரலாறு.

தமிழருக்கு முத்திரை புதிதன்று. இலச்சினை, பொறி என்னும் பழஞ்சொற்கள் நம்மிடம் உள்ளன. காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்திறங்கிய பண்டங்களின் மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த முத்திரை மோதிரங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இடவலம் மாற்றி வெட்டப்பட்டுள்ளன. பதிக்கும்போது நேராக விழவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட வேலை அது. ஒரு மோதிரத்தின் முகப்பு எவ்வளவு பெரிதாக இருந்துவிடும்? அவ்வளவு சிறிய இடத்தில் எழுத்தைத் தலைகீழாக நினைத்து வெட்டிய கைகளை எண்ணிப் பார்க்கிறேன். ஆயினும் அவையெல்லாம் அரசர்க்கும் வணிகர்க்கும் செல்வர்க்கும் உரியவை. உழுதவனுக்கும் கூலிக்காரனுக்கும் மோதிரம் ஏது?

அவர்களுக்கென ஒரு முத்திரை பிற்காலத்தில் வந்தது. 1858ஆம் ஆண்டில் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைப் பணிக்குச் சரக்குத் தர ஒப்பிய ஒருவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தாளில் பதியச் செய்தார். பின்னாளில் வாக்கை மறுக்காதிருக்க அவனை அச்சுறுத்துவதே அவர் நோக்கம். அங்கிருந்து வளர்ந்த கைரேகை முறை 1897இல் கல்கத்தாவில் தனி அலுவலகமே காணும் அளவுக்குப் பெருகியது. நம் மூதாதையர் மலாயாத் தோட்டங்களில் சம்பளப் பேரேட்டில் வைத்த கைநாட்டும் இந்த வழி வந்ததே. எழுத்தறியாத ஒருவரின் உடம்பே முத்திரையானது. ஆனால் அந்த முத்திரை அவருக்குச் சொந்தமாக இல்லை.

ரப்பர் முத்திரையின் கதையிலும் இதே முரண் இருக்கிறது. சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையை 1839இல் கண்டறிந்து 1844இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே, 1860களில் அமெரிக்காவில் ரப்பர் முத்திரைகள் தோன்றின. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன. அவற்றிற் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கு பால்மரக் காடாயிற்று. விடியுமுன் வாளியுடன் நிரைக்குச் சென்று பட்டை சீவியவர்களிற் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் எடுத்த பால் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. (இத்துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் பெற்றது.) அந்தப் பாலில் ஒரு துளி, முத்திரையாக மாறி அலுவலக மேசைக்குத் திரும்பியும் வந்திருக்கலாம். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர் வேலை அனுமதிக்காகக் காத்து நின்றது அந்த மேசைக்கு முன்னேதான். ஒரு 'சாப்' விழுந்தால் பிழைப்பு, விழாவிட்டால் கப்பல்.

இனி வாழ்த்தட்டைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. மூன்றாண்டுகளில், 1843இல், ஹென்றி கோல் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். அந்த வழக்கம் நம்மிடம் தீபாவளி, பொங்கல் வாழ்த்தாக வேரூன்றியது. நடு வீட்டில் நூல் கட்டி, வந்த அட்டைகளை வரிசையாகத் தொங்கவிடுவது மலேசிய வீடுகளின் பெருநாள் அழகு. எத்தனை அட்டைகள் என்பது ஒரு குடும்பத்தின் மதிப்பையும் சொல்லியது! ஆனால் கடையில் வாங்கத் தோட்டப்புறப் பிள்ளைக்குக் காசு ஏது? ஆகவே அது தானே செய்தது.

வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்தால் ஐந்திதழ்ப் பூ. நட்சத்திரப் பழத்தை அரிந்தால் விண்மீன். வாழைத்தண்டின் மட்டையை வெட்டினால் வலைப்பின்னல். அரிந்த முகத்தைச் சற்று உலரவிட்டுப் பின்னரே மை தொடவேண்டும். இல்லையெனில் சாறு கசிந்து பூ குளமாகிவிடும். பென்சிலின் முனையிலுள்ள அழிப்பானோ புள்ளி வைப்பதற்கென்றே பிறந்தது. ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, பேனாவால் கம்பி இழுத்தால் அட்டையில் ஒரு வாசற்கோலம்.

மிகச் சிறிய முத்திரையின் அருமையை உணர ஒரே ஓர் இலை போதும். அழிப்பானில் சவர அலகால் வெட்டிய, அரை அங்குலமும் இல்லாத ஓர் இலை. அதைத் தலைகீழாக வரிசையில் பதித்தால் அட்டையின் மேல்விளிம்பில் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. நிமிர்த்தி மஞ்சளில் ஒன்று பதித்து, அடியில் ஒரு பிறைக்கோடு இட்டால் அகல் விளக்கின் சுடர். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு முறை பதித்தால் மலர். ஒரு காம்பின் இருபுறமும் நெருக்கிச் சாய்த்துப் பதித்தால் பொங்கலுக்கு நெற்கதிர். மீண்டும் மை தொடாமல் இரண்டாவது, மூன்றாவது முறை ஒற்றினால் நிறம் மங்கிக்கொண்டே போகும். அதையே தொலைவிலுள்ள இலைகளாக வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் யானை வடிவை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளையை அட்டைமேல் வைத்து உள்ளே நெருக்கமாக இலைகளைப் பதித்துப் பின் காகிதத்தை நீக்கினால் இலைகளாலேயே ஆன யானை நிற்கும். பெரிய முத்திரையால் இதெல்லாம் ஆகாது. அது தான் கொண்டுவந்த படத்தை மட்டுமே சொல்லும்.

இது குழந்தை விளையாட்டென்று ஒதுக்குவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைஞர் ராபர்ட் கிரான்ஜோன் வார்த்த அச்சுப் பூக்கள் இவ்வாறே எழுத்தளவில் சிறியவை. அவற்றைத் திருப்பியும் அடுக்கியும் அச்சகத்தார் பக்கம் முழுதும் கொடி படர விட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜாவாவில் தோன்றிய செப்பு முத்திரைப் பாத்தேக் துணியும் அதே நெறியது. அதற்கும் 'சாப்' என்றே பெயர். அலுவலகச் சொல்லே கலைச்சொல்லாகவும் இருப்பதை நாம் கவனித்ததில்லை.

கிள்ளானை ஒட்டிய ஒரு தோட்டத்தில் என் பாட்டி பால் வெட்டினார். அவருக்குக் கையெழுத்துத் தெரியாது. நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டு, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலிருந்த மாமாவுக்கு நானே ஒரு தீபாவளி அட்டை செய்தேன். வெண்டைப்பூக்கள் ஓரமெங்கும் நிறைந்துவிட்டன. நடுவில் வரைந்த அகலுக்குச் சுடர் மட்டும் இல்லை. இலை வெட்ட அழிப்பான் தீர்ந்திருந்தது. "ஆயா, உன் விரலைக் குடு" என்றேன்.

"எதுக்குடா? இதுவும் சம்பள நாளா?" என்று சிரித்துக்கொண்டே சிவப்பு மையில் தொட்டுக் கட்டைவிரலை ஒற்றினார். பேரேட்டில் வைத்துப் பழகிய கையல்லவா, சற்று அழுத்தமாகவே விழுந்தது. ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. மேல்முனையை நான் பேனாவால் கூராக்கினேன்.

பெருநாளன்று மாமா வீட்டுக்குப் போனோம். நூலில் தொங்கிய வழவழப்பான கடை அட்டைகளுக்கு நடுவே அதுவும் தொங்கியது. பாட்டி நெடுநேரம் அண்ணாந்து தேடி, "அதுல இருக்கிறது என் கை" என்று அத்தையிடம் காட்டினார்.