நீலப்பசும்பாசியின் வெளிறிய அறை

தொழுவுரமும் தழையுரமும் போதிய அளவு இடப்படாத நெல்வயல்கள்கூடத் தலைமுறை தலைமுறையாக ஓரளவு சீரான விளைச்சலைத் தந்துவந்தது எவ்வாறு என்பது வேளாண் அறிவியலாரின் பழைய வினாக்களுள் ஒன்று. மண்ணில் தனித்து வாழும் பாக்டீரியாக்கள், குறிப்பாக 1901இல் பெய்ஜரிங்க் விவரித்த அசோட்டோபாக்டர், காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றித் தருவதே (இதனை நைட்ரஜன் நிலைப்படுத்தல் என்பர்) காரணமாகலாம் எனக் கருதியோர் உண்டு. ஆனால் இந்திய நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே, நீர் தேங்கிய வயலில் இப்பணியைப் பெரிதும் செய்வது நீலப்பசும்பாசியே என 1939இல் எழுதினார். பாசி என்று பெயர் பெற்றிருந்தாலும் அதுவும் பாக்டீரியா வகையே. எனினும் செடிகொடிகளைப் போல ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுவது.

சிக்கல் அந்த ஆக்சிஜனில்தான் இருந்தது. நைட்ரஜனைப் பிணைக்கும் நொதியாகிய நைட்ரஜினேஸ் ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும் என்பது பின்னர்த் தெளிவானபோது, ஆக்சிஜனைத் தானே உண்டாக்கும் ஓர் உயிரி அந்நொதியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அனபீனா போன்ற இழைப்பாசிகளில் ஏறத்தாழப் பத்து உயிரணுக்களுக்கு ஒன்றாகத் தடித்த உறையும் வெளிறிய நிறமும் கொண்ட ஓர் உயிரணு அமைந்திருப்பதை நுண்ணோக்கியர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டு, ஹெட்டிரோசிஸ்ட் எனப் பெயரிட்டிருந்தனர். அது இனப்பெருக்க உறுப்பின் எச்சம் என்றனர் சிலர். இழை முறிவதற்கான இடம் என்றனர் வேறு சிலர். 1951இல் பாசியியலார் ஃபிரிட்ஷ் அதனைத் தாவரவியற் புதிர் என்றே குறித்தார். இதே பாசிகளின் நைட்ரஜன் நிலைப்படுத்தல் பற்றி 1938இல் டேயுடன் இணைந்து எழுதியவரும் அவரே; விடையின் இரு பாதிகளும் ஒருவர் கையிலேயே இருந்தும் ஒன்றுசேரவில்லை.

1968இல் ஃபே, ஸ்டூவர்ட், வால்ஸ்பி, ஃபாக் ஆகிய நால்வர் ஹெட்டிரோசிஸ்ட்டே நைட்ரஜன் நிலைப்படுத்தும் இடமாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தபின், மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்த அதன் உள்ளமைப்புக்குப் பொருள் விளங்கத் தொடங்கியது. உறையின் உள்ளடுக்காகிய கிளைக்கோலிப்பிட், அதாவது சர்க்கரை இணைந்த கொழுப்பு, காற்று உட்புகுவதைப் பெரிதும் குறைக்கிறது. ஒளிச்சேர்க்கைக்குரிய உட்சவ்வுகளான தைலகாய்டுகள், ஆக்சிஜன் வெளியிடும் பகுதியைச் செயலற்றதாக்கி, ஆற்றல் தரும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றியமைக்கப்படுகின்றன. உயிரணுவின் முனைகளருகே தேனடை போல நெருங்கி மடியும் சவ்வுகளோ, உறையைக் கடந்து கசியும் ஆக்சிஜனைச் சுவாசத்தின் வழியே எரித்துவிடும் இடமாகக் கருதப்படுகின்றன. இக்கருத்துக்கு ஏற்ப, தனியறை ஏதுமில்லாத அசோட்டோபாக்டரிலும் நைட்ரஜனைக் காற்றிலிருந்து பெறும்போது உட்சவ்வுகள் பெருகுவதை 1970இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த வரலாறு பெரும்பாலும் மின்னணு நுண்ணோக்கியின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. டேயின் வயல்மண் ஆய்வுக்கு அதில் உரிய இடம் கிடைப்பதில்லை. பிற்காலத்தில் நீலப்பசும்பாசியும், அதனைத் தன் இலைக்குழியில் தாங்கும் அசோலா என்னும் நீர்ப்பெரணியும் தமிழகம் உட்படப் பல நெல் விளையும் பகுதிகளில் உயிர் உரமாகப் பரப்பப்பட்டன. ஆயினும் யூரியா இட்ட வயல்நீரில் அமோனியா மிகுந்திருக்கும்வரை அனபீனா இழைகள் புதிதாக ஹெட்டிரோசிஸ்ட்டை உருவாக்குவதில்லை.