மணி அடித்தால் மாவு பறக்கும்

1915-ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் மூண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்களும் ஆயுதத் தொழிற்சாலைகளும் இரவு பகலாக ஓடின. வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வீடுகள்தான் கூடவில்லை.

இருந்த வீடுகளும் என்ன லட்சணம்? கல்லால் கட்டிய மாடிக் குடியிருப்புகள். குடும்பத்துக்கு ஓர் அறை, மிஞ்சிப்போனால் இரண்டு. கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. இதற்குத்தான் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள், சில இடங்களில் கால் பங்கு வரை. ஆண்கள் பலர் போர்முனையில். தட்டிக்கேட்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியம்.

பெண்கள் தட்டிக்கேட்டார்கள்.

கோவன் பகுதியில் அவர்களைத் திரட்டியவர் மேரி பார்பர். கணவர் கப்பல் தளத் தொழிலாளி; இவரும் ஒரு காலத்தில் கம்பளத் தொழிலில் வேலை பார்த்தவர். ஏற்றிய வாடகையைத் தருவதில்லை, வீட்டைக் காலி செய்வதுமில்லை என்று ஜன்னல்தோறும் அட்டை தொங்கியது. குடியிருப்பின் நுழைவாசலில் ஒருத்தி கைமணியுடன் காவல் இருப்பாள். தெருமுனையில் அமீனாவின் தலை தெரிந்தால் மணி அடிக்கும். துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரத்துணியோடும், சமையலில் இருந்தவள் மாவுப் பொட்டலத்தோடும் படியிறங்கி ஓடிவருவார்கள். வந்த அமீனா வெள்ளை வெளேரென்று திரும்புவார்.

நவம்பருக்குள் ஏறத்தாழ 20,000 வாடகைதாரர்கள் போராட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். அமீனாவால் ஆகாததைச் சம்பளத்தில் பிடித்துவிடலாம் என்று 18 தொழிலாளர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது வீட்டுக்காரர் தரப்பு. அங்கேதான் கணக்குத் தப்பியது. அதுவரை தெருவோடு இருந்த சண்டை தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டது. நவம்பர் 17 அன்று தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு, பெண்களோடு சேர்ந்து கோர்ட்டை முற்றுகையிட்டார்கள். பள்ளி ஆசிரியரும் சோஷலிஸ்டுமான ஜான் மெக்லீன் கூட்டத்தில் பேசினார். வேலைநிறுத்தம் பரவினால் போர்முனைக்குப் போகும் தளவாடம் நின்றுவிடும். வழக்குகள் கைவிடப்பட்டன.

டிசம்பர் முடிவதற்குள் நாடாளுமன்றத்தில் சட்டமே வந்துவிட்டது. பிரிட்டன் முழுவதும் சிறிய வீடுகளின் வாடகை, போர் தொடங்கியபோது இருந்த அளவுக்கு மேல் ஏறக்கூடாது. 1920-இல் மேரி பார்பர் நகரமன்ற உறுப்பினரானார்.

வாடகையில் இறங்கிவந்த அரசு, தொழிற்சாலை விஷயத்தில் இறங்கவில்லை. 1916 பிப்ரவரியில் மெக்லீன் கைதானார், தண்டனை மூன்றாண்டு. மார்ச் மாதம் டேவிட் கிர்க்வுட் உள்ளிட்ட தொழிலாளர் தலைவர்கள் நகரத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)