பெஞ்சு வரிசையில் ஒரு ஊர் வரலாறு

இங்கிலாந்தில் தன் குடும்பத்தின் வேரைத் தேடிப் போகிற எவரும் பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமத்து தேவாலயத்தின் பழைய பதிவேட்டில்தான் போய் நிற்பார்கள். அங்கே 'பாரிஷ்' என்பதை நம்மூர்க் கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்பார்கள் (வணிகவியல் மாணவர்கள் அவசரப்பட வேண்டாம், இது பங்குச்சந்தைப் பங்கு இல்லை!). ஒரு தேவாலயம், அதைச் சுற்றி நாலைந்து சிற்றூர்கள், எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு.

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை போட்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதி வைக்க வேண்டும். அரசாங்கமே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது 1837இல்தான். ஆக, இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு சாதாரண மனிதனைப் பற்றிய முக்கியமான ஆதாரம் அந்தப் பதிவேடுதான்.

ஆனால் அதில் என்ன இருக்கிறது? ஒரு தேதி, ஒரு பெயர், அப்பாவின் பெயர். அம்மாவின் பெயர் பல இடங்களில் இருக்காது. ஊரில் பாதிப் பேர் ஜான், ரிச்சர்ட், தாமஸ் என்றால் எந்த ரிச்சர்ட் நம்முடைய ரிச்சர்ட்? போதாக்குறைக்கு 1752க்கு முன்பு அங்கே ஆண்டு தொடங்கியது மார்ச் 25 அன்று. பதிவேட்டில் 1700 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1701. இது தெரியாவிட்டால், கல்யாணமான மறு மாதமே பிள்ளை பிறந்ததாகக்கூட முடிவு கட்டிவிடலாம்.

இந்த வறட்சிக்கு நடுவே ஒரு பங்குக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஷ்ரூஸ்பரி நகரத்துக்கு வடக்கே இருக்கும் மிடில் என்ற ஊர் (நடு என்று பொருள் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). அங்கே வாழ்ந்த ரிச்சர்ட் காஃப் என்ற சிறு நிலக்காரர், அறுபத்தைந்து வயதைத் தாண்டியபின், 1700 முதல் 1702க்குள் தன் பங்கின் வரலாற்றை எழுதினார். இணையத்தில் தேடுபவர்கள் கவனிக்கவும். இதே பெயரில் நூறு வருடம் கழித்து இன்னொரு வரலாற்று ஆர்வலரும் இருந்தார். அவர் வேறு.

காஃப் கையாண்ட முறைதான் அருமை. அவர் அரசர்களின் வரிசையில் எழுதவில்லை, தேவாலயத்தின் பெஞ்சுகளின் வரிசையில் எழுதினார். அந்தக் காலத்தில் உட்காரும் இடம் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். பெரிய பண்ணைக்காரர்கள் முன்னால், குடிசைவாசிகள் பின்னால். காஃப் இருக்கைகளுக்கு ஒரு வரைபடமே போட்டு, ஒவ்வொரு பெஞ்சாக எடுத்து, இந்த இடம் எந்த வீட்டுடையது, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள், யார் குடித்துச் சொத்தை அழித்தார் என்று சொல்லிக்கொண்டே போகிறார். லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்களையும் விடவில்லை.

ரீஸ் வென்லாக் என்று ஒருவர். அக்கம்பக்கத்து வேலிகளை உடைத்து அடுப்பெரிக்கும் பழக்கம் அவருக்கு. கடுப்பான ஒரு வேலையாள் காய்ந்த குச்சியில் துளை போட்டு, வெடிமருந்தை அடைத்து, வேலியில் சொருகி வைத்துவிட்டான். வழக்கம்போல் வென்லாக் திருடினார், ரொட்டி அடுப்பில் வைத்தார். அடுப்பின் மேற்பகுதி பறந்தது, வீட்டிலும் தீப்பிடித்தது! எந்தப் பதிவேட்டில் இது கிடைக்கும்?

இன்னொரு பகுதி சிரிக்க விடாது. 1642இல் மன்னர் சார்லசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போது காஃப் ஏழு வயதுப் பையன். மிடில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று சிற்றூர்களிலிருந்து மட்டும் 20 பேர் மன்னர் பக்கம் சண்டைக்குப் போனார்கள் என்றும் அதில் 13 பேர் உயிரிழந்தார்கள் என்றும் எழுதுகிறார். மூன்று சிற்றூருக்கே இவ்வளவு என்றால் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் இருக்கும் என்று அவரே யோசிக்கவும் செய்கிறார்.

அந்த 20 பேரில் ஒருவன் ரிச்சர்ட் சாலனர். திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்தவன். பங்கின் பணத்தில் ஓரளவு வளர்ந்தவன். 1642 அக்டோபர் 23 அன்று நடந்த எட்ஜ்ஹில் சண்டைக்குப் போனான். அதன்பின் ஊருக்கு அவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அடக்கப் பதிவேடு அந்த ஊர் மண்ணில் புதைக்கப்பட்டவர்களின் கணக்கு மட்டுமே. எங்கோ செத்து விழுந்தவனுக்கு அதில் வரி கிடையாது. அவன் இருந்தான், போனான், திரும்பவில்லை என்பது நமக்குத் தெரிவது ஒரு முதியவரின் ஞாபகத்தால்தான்.

காஃப் இல்லாத ஊர்களில் என்ன செய்வது? அங்கே உதவிக்கு வருவது, விந்தையாக, ஏழைகளைத் துரத்தியடித்த சட்டம். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடத்துக்கு 10 பவுண்டுக்குக் குறைவான வாடகை வீட்டில் புதிதாகக் குடியேறுபவன் பங்குக்குப் பாரமாவான் என்று தோன்றினால், 40 நாளுக்குள் புகார் செய்து அவனைச் சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்பலாம். எது அவன் பங்கு என்பதைத் தீர்மானிக்க நீதிபதிகள் விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் எவ்வளவு காலம் வேலை பார்த்தாய், யாரை மணந்தாய்... பதிலை எழுத்தர் எழுதிக்கொள்வார். கையெழுத்துப் போடத் தெரியாத கூலிக்காரனின் முழு வாழ்க்கையும் இப்படித்தான் தாளில் ஏறியது. அக்கறையால் அல்ல, எந்தப் பங்கின் கல்லாவிலிருந்து காசு போகும் என்ற தகராறால். வசதியோடும் வம்பில்லாமலும் வாழ்ந்த விவசாயி அந்த அளவுக்குக்கூடத் தடம் விடாமல் போயிருக்கலாம்.

காஃபும் இந்த விஷயத்தில் கறாரானவர்தான். மிடில் பங்கு மற்றப் பங்குகளோடு நடத்திய இப்படிப்பட்ட வழக்குகளைத் தன் நூலின் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறார். ஏழைகளுக்கான வரியைக் கட்டுகிறவரின் எரிச்சல் அதில் தெரிகிறது. ஊர்வம்பில் அவருக்கு ஆசை அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படியானால் எவ்வளவு நம்புவது? டேவிட் ஹே என்ற வரலாற்றாசிரியர் காஃபின் கூற்றுகளைப் பதிவேடுகள், உயில்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1974இல் மிடில் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கிழவர் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

காஃப் இறந்தது 1723இல். அவர் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதி 1834இல் அச்சாகியது. முழுமையாக வெளிவர 1875 ஆயிற்று.