பண்டிகைச் சோறும் படைவீரர் நோயும்

ஜப்பானியர் புத்தாண்டைக் கொண்டாடும் முறையை நீங்கள் படங்களில் கண்டிருக்கலாம். டிசம்பர் 31 இரவில் சோபா உண்பார்கள். நம் வீட்டு நாற்காலியை எண்ணிவிடாதீர்கள்! பக்வீட் என்ற கருநிறத் தானியத்தின் மாவில் செய்த நீண்ட சேமியா அது. நீண்ட ஆயுளுக்கு அறிகுறி. மறுநாள் காலையில், பசையரிசியை வேகவைத்து உரலில் இடித்துச் செய்த மோச்சி என்னும் வெள்ளைப் பண்டத்தைச் சாற்றில் இட்டு உண்பார்கள். அடுக்குப் பெட்டிகளில் கறுப்புச் சோயாவும் மீன் சினையும் பிறவும் காத்திருக்கும். ஜனவரி 7ஆம் நாள், விருந்துண்டு களைத்த வயிற்றுக்கு ஏழு வகைக் கீரைகள் இட்ட கஞ்சி. 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜப்பானிய உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தபோது இந்தப் புத்தாண்டு உணவையே சிறப்பாகக் குறிப்பிட்டது.

இவ்விருந்தின் நடுநாயகம் வெள்ளை அரிசி. அந்த வெண்மைக்கு ஜப்பான் கொடுத்த விலையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பழைய ஜப்பானில் நெல்லை விளைவித்த உழவன் அதைப் பெரும்பாலும் வரியாக அளந்துவிடுவான். அவன் உண்டது பார்லியும் தினையும் கலந்த சோறு. வெள்ளைச் சோறு திருவிழாவுக்கு மட்டுமே. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய டோக்கியோவான எடோ நகரில் இந்த நிலை மாறியது. நன்றாகத் தீட்டிய அரிசி நகர மக்களின் அன்றாட உணவாயிற்று. கூடவே ஒரு நோயும் வந்தது. கால் மரத்துப்போகும்; வீங்கும்; நடை தளரும்; முடிவில் இதயம் நின்றுவிடும். வெளியூரிலிருந்து எடோவுக்கு வந்து தங்கிய சாமுராய்களை அது பிடித்தது. ஊர் திரும்பியதும் பலருக்குத் தானாகவே விலகியது. ஆகவே 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர். நாம் பெரிபெரி என்பது இதைத்தான். 1866இல் தம் 20ஆம் வயதில் மாண்ட ஷோகுன் இயெமோச்சியும் இந்நோய்க்கே பலியானார் என்று கருதப்படுகிறது.

விந்தையைப் பாருங்கள்: அரண்மனைக்குள் நுழைந்த நோய், குடிசையை அவ்வளவாகத் தீண்டவில்லை!

பின்னர் புதிய கடற்படையும் தரைப்படையும் எழுந்தன. கிராமத்து இளைஞனுக்குப் படையில் சேருவதன் கவர்ச்சிகளில் ஒன்று என்ன தெரியுமா? தினமும் வெள்ளைச் சோறு! ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்டதை அங்கே மூன்று வேளையும் உண்ணலாம். 1882 டிசம்பரில் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நெடும்பயணம் புறப்பட்டது. கப்பலில் இருந்தவர் 376 பேர். பெரிபெரி கண்டவர் 169 பேர். இறந்தவர் 25 பேர்.

கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ இலண்டனில் பயின்றவர். அதிகாரிகளைவிடச் சாதாரண மாலுமிகளையே நோய் மிகுதியாகத் தாக்குவதைக் கவனித்தார்; உணவுதான் காரணம் என்று முடிவு செய்தார். 1884இல் சுகுபா என்ற கப்பல் ஏறத்தாழ அதே வழியில் அனுப்பப்பட்டது. உணவை மட்டும் மாற்றினார்: இறைச்சி, பால், ரொட்டி. 287 நாள் பயணத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. நோய் கண்ட சிலரும் பெரும்பாலும் புதிய உணவை ஒதுக்கியவர்களே. ஆயினும் மாலுமிகளுக்கு ரொட்டி பிடிக்கவில்லை. எனவே 1885இல் அரிசியோடு பார்லி கலக்கப்பட்டது. ஆம், உழவனின் பழைய சோறுதான்! சில ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி அநேகமாக ஒழிந்தது.

தரைப்படை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. ஜெர்மன் மருத்துவத்தில் ஊறிய அவர்கள், நோய் ஒரு கிருமியால் வருவது என்றார்கள். பெயர்பெற்ற நாவலாசிரியரான மோரி ஓகாய் அவர்களுள் ஒருவர். மோரி ரிந்தாரோ என்ற இயற்பெயரில் படை மருத்துவராக இருந்தவர். அவர்கள் வாதத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. புரதக் குறைவே காரணம் என்று தகாகி சொன்ன விளக்கம் உண்மையில் தவறு. ஆனால் விளக்கம் பிழையானால் கண்கண்ட பலனும் பொய்யாகிவிடுமா? 1904-05 ரஷ்யப் போரில் படைவீரருக்கு நாளொன்றுக்குச் சுமார் 900 கிராம் வெள்ளை அரிசி அளக்கப்பட்டது. சுமார் இரண்டரை இலட்சம் பேர் பெரிபெரியால் வீழ்ந்தனர். 27,000 பேருக்கு மேல் இறந்தனர். 1905இல்தான் பார்லி கலக்க ஆணை பிறந்தது.

உண்மைக் காரணம் தவிட்டில் இருந்தது. 1890களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும் தவிட்டால் எழுவதையும் கண்டார். 1910இல் ஜப்பானியரான சுசுகி உமேதாரோ தவிட்டிலிருந்து அச்சத்தைப் பிரித்தார். 1936இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ், நம் அண்டை நெல்லூரில் பிறந்தவர்! தயமின் என்னும் வைட்டமின் பி-1தான் அது. மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க உடலுக்கு அது தேவை. சோறு மிகுந்தால் தேவையும் மிகும். உடலிலுள்ள சேமிப்போ சில வாரங்களில் தீர்ந்துவிடும். நெல்லை அவித்துக் குத்தும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி உண்போர் பெரிதும் தப்பினார்கள்.

ஜப்பானிய அடுக்களையிலும் ஒரு காவலன் இருந்தான். உப்புக் கலந்த ஈரத் தவிட்டில் வெள்ளரியையும் முள்ளங்கியையும் புதைத்து ஊறுகாய் போடுவார்கள். தவிட்டின் தயமின் காய்க்குள் ஊறிவிடும். சோபாவிலும் தயமின் உண்டு.

கதை அதோடு முடியவில்லை. 1970களில் ஜப்பானிய இளைஞர்களிடையே பெரிபெரி மீண்டும் தலைகாட்டியது. அவர்கள் ஏழைகள் அல்லர். வெள்ளைச் சோறு, உடனடிச் சேமியா, இனிப்புப் பானம் இவையே அவர்களின் உணவு. தவிட்டு ஊறுகாய்த் தொட்டி பல வீடுகளிலிருந்து மறைந்து போயிருந்தது.