சொந்த ஊரில் ஓர் உணவு நடை

வழிகாட்டியுடன் நடந்து, கடை கடையாகச் சாப்பிட்டு ஒரு நகரை அறிவதே உணவு நடை. வெளியூர்ப் பயணிகளுக்கானது என்று நாம் நினைக்கும் இதில் யாழ்ப்பாணத்தவரும் ஒருமுறை சேர்ந்து பார்க்கலாம்.

சந்தையில் தொடங்குங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பை வடித்த பிறகே கூழில் கரைப்பார்கள். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் அதில் சேரும். பயணிக்கு அது புதுச் சுவை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் அடுப்பெரித்தவர்களுக்கோ பனை தந்த உணவு வேறொரு கதை.

அடுத்தது சோனகத் தெருப் பக்கம். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். போருக்குப் பின் திரும்பியவர்கள் ஒரு பகுதியினரே. அங்கே சாப்பிடும்போது அதையும் பேச வேண்டும்.

வழிகாட்டிகள் பலர் செய்முறையோடு நிறுத்திவிடுவார்கள். எனவே வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். 1995 இடப்பெயர்வின்போது வழியில் என்ன சாப்பிட்டீர்கள், யார் தந்தார்கள் என்று கேளுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால், பெயர்களோடும் இடங்களோடும் எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை போனபின் கேட்க ஆளிருக்காது.