வெறும் வயிற்று ஸ்கேன்

கொடுமுடியில் என் வயதுக்காரர்கள் கூடிப் பேசினால் பித்தப்பை எடுத்த கதை கட்டாயம் வரும். ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ செய்திருப்பார்கள். வயிற்றில் நாலு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். லேப்ராஸ்கோப்பியை எல்லோரும் புகழ்கிறார்கள். அதற்கு முன் எடுத்த ஸ்கேனை யாரும் நினைப்பதில்லை.

முன்பெல்லாம் முதல் நாள் இரவு மாத்திரை விழுங்க வைத்து, மறுநாள் எக்ஸ்ரே எடுப்பார்கள். அமெரிக்காவில் 1924இல் கிரஹாமும் கோலும் சாயத்தை ஊசியில் ஏற்றித் தொடங்கிய முறை அப்படி மாத்திரையானது. மஞ்சள் காமாலை இருந்தால் படமே சரியாக விழாது.

ஸ்கேன் வந்த வழி வேடிக்கையானது. கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்டு, பாய்லர் கம்பெனியில் இரும்பில் விரிசல் பார்க்கும் ஒலியலைக் கருவியில், அறுத்தெடுத்த கட்டிகளை 1955இல் வைத்துப் பார்த்தார். 1958இல் கட்டுரை வெளியிட்டார். பித்தப்பைக்கு அது பின்னால்தான் வந்தது.

வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் சர்ஜன் பித்தக்குழாயை விரலால் தடவிக் கல்லைக் கண்டுபிடிப்பார். 1985இல் ஜெர்மனியின் எரிக் மியூஹே துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் முதலில் செய்தார். நம் பக்கத்தில் பரப்பியவர் கோயமுத்தூர் டாக்டர் சி. பழனிவேலு. துளை வழியாகக் கையை விட முடியாதே! கை தடவி அறிந்ததில் பெரும்பங்கை ஸ்கேன் முன்கூட்டியே சொல்ல வேண்டியதாயிற்று.

கல் ஒலியலையை மறிப்பதால் பின்னால் கறுப்பு நிழல் விழும். "ஒருக்களித்துப் படுங்க" என்பது சும்மா இல்லை. கல் உருளும், ஒட்டிய சதை நகராது. பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், பை சுருங்கியிருந்தால், ஆபரேஷன் சிரமப்படலாம், நடுவில் வயிற்றைத் திறக்கவும் நேரலாம் என்று சர்ஜன் முன்பே தயாராவார். குழாய் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அதற்குள்ளும் கல்லோ என்று சந்தேகம். நம் வயதுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுண்டு. அளவைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

"ஒரு வாய் பால் காப்பிதானே" என்று குடித்துவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. பாலின் கொழுப்பு இறங்கியதும் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் சின்னக் கல் கண்ணுக்குத் தப்பும், சுவரும் தடித்தது போலத் தெரியும்.

குழாயின் அடிப்பகுதியைக் குடல் காற்று மறைத்துவிடும். அங்கே கல் இருந்து தெரியாமல் போனால், பையை எடுத்த பிறகும் காமாலை வரலாம். அதனால்தான் சந்தேகம் வந்தால் குழாய்க்கென்று தனியாக எம்.ஆர்.ஐ. எழுதுகிறார்கள். கல் இருந்தால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு அதை எடுத்துவிட்டு, பிறகு துளை போடுவதுதான் பெரும்பாலும் வழக்கம்.